பதினேழரை சதவீதம் குறைவு

அடி அண்ணாமலை கிழக்குத் தெரு மழைநீர்க் கால்வாய் டெண்டரைத் திறந்த செவ்வாய்க்கிழமை சாயங்காலம், ஒப்பந்ததாரர் தேவிப்ரியாவின் உயரம் பதினேழரை சதவீதம் குறைந்தது. காலையில் நூற்று அறுபத்தைந்து சென்டிமீட்டர் இருந்தவள் நாலரை மணிக்கு நூற்று முப்பத்தாறு இருந்தாள். மதிப்பீட்டுத் தொகையிலிருந்து எவ்வளவு குறைத்துக் கேட்டிருந்தாளோ அவ்வளவுதான் குறைந்திருந்தது, புள்ளிகூடப் பிசகவில்லை. அன்றைக்கு மல்லிகை முழம் நாற்பது ரூபாய்க்கு விற்றது, பௌர்ணமிக்கு இன்னும் ஆறு நாள் இருந்தது, வெயில் நூற்று நாலு டிகிரியைத் தொட்டது. மாநகராட்சி அலுவலகப் படியில் இறங்கும்போது புடவை காலில் தட்டியதும் கொசுவம்தான் அவிழ்ந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டாள். ஸ்கூட்டரில் உட்கார்ந்த பிறகுதான் கால் தரைக்கு எட்டவில்லை என்பது தெரிந்தது. யாரோ ஒருவர் வண்டியைப் பிடித்துக்கொள்ள, இறங்கி, ஆட்டோ பிடித்து வீட்டுக்குப் போனாள்.

அவள் முன்பு பதினோரு வருஷம் ஒப்பந்ததாரர் அப்பாதுரையிடம் சைட் சூப்பர்வைசராக இருந்தவள். அப்பாதுரை ஆறடி ஆள். நகரத்தில் கால்வாயோ சிறுபாலமோ கட்டணக் கழிப்பிடமோ எது வந்தாலும் அவர் கைக்குத்தான் வரும். மற்ற ஒப்பந்ததாரர்களை ஓட்டல் மாடியில் உட்காரவைத்து, இந்த வேலை யாருக்கு, அடுத்தது யாருக்கு என்று டிபன் வருவதற்குள் முடித்துவிடுவார். வெளியாள் எவராவது நுழைந்தால் மட்டும் அடிமட்ட விலைக்கு இறங்கி வேலையைத் தட்டிக்கொண்டு போவார். மூன்று வருஷத்துக்கு முன், தீபத்தன்று, தேவிப்ரியா நின்று போட்ட ஒரு கால்வாய் மூடி உடைந்து, சேலத்திலிருந்து கிரிவலம் வந்த ஒரு பெண்ணின் கால் முட்டிக்குக் கீழே ஒடிந்தது. உடைந்த மூடியில் கம்பி ஒன்றுவிட்டு ஒன்றுதான் இருந்தது. அளவு சரி என்று கையெழுத்துப் போட்டவள் தேவிப்ரியா. ஆஸ்பத்திரிக்குப் போய் அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றாள். விஷயம் தெரியாத அந்தப் பெண், "நீ யாரு பெத்த புள்ளையோ, என்னைப் பாக்க வந்திருக்கே. நல்லா இரு கண்ணு" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். மறுநாள் தேவிப்ரியா வேலையை விட்டாள். டிப்ளமோவையும் வீட்டுப் பத்திரத்தையும் காட்டித் தன் பேரில் ஒப்பந்ததாரராகப் பதிவு செய்துகொண்டாள். மூன்று டெண்டர் போட்டாள். மூன்றிலும் அப்பாதுரை அரை சதவீதத்தில் அவளை முந்தினார்.

நாலாவது, இந்தக் கிழக்குத் தெரு. ஒரு வேலையும் செய்யாமல் இருந்தால் அந்த வருஷத்தோடு பதிவு காலாவதியாகிவிடும். ஆன்லைன் சென்டரில் மூன்று மணிக் கெடுவுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது, வலைத்தளம் சுற்றிக்கொண்டே நிற்க, அவள் பன்னிரண்டு என்று அடித்து, அழித்து, பதினைந்து என்று அடித்து, அதையும் அழித்தாள். கடைசியில் பதினேழரை என்று போட்டு அனுப்பினாள். திறந்தபோது அப்பாதுரை பதினேழு போட்டிருந்தார்.

வீட்டில் அவளுடைய கணவன் வேணு, செங்கம் ரோட்டில் ஒரு கெஸ்ட் ஹவுஸுக்கு மேனேஜர், அவளைச் சுவரோரம் நிற்கவைத்து இரண்டு தடவை அளந்தான். "வலிக்குதா?" என்று கேட்டான். வலி இல்லை. டாக்டர் ரத்த அழுத்தம் பார்த்தார், எக்ஸ்ரே எடுத்தார். எலும்பு, நகம், காது எல்லாமே ஒரே கணக்கில் குறைந்திருப்பதாகவும் உடம்பில் கோளாறு எதுவும் இல்லை என்றும் எழுதிக் கொடுத்துச் சத்து மாத்திரைக்குச் சீட்டு எழுதினார். எட்டாம் வகுப்புப் படிக்கும் மகள் கீர்த்தனா இப்போது அம்மாவைவிட ஒரு சாண் போல உயரம். தன் பழைய சுடிதார்களில் நாலை எடுத்துத் தந்துவிட்டு, "நீ இன்னும் சின்னதாயிடுவியாம்மா?" என்றாள். "தெரியலடி" என்றாள் தேவிப்ரியா. அந்த வாரம் முழுக்க விடிந்ததும் முதல் வேலையாகச் சமையலறை ஜன்னல் கொக்கியைத் தொட்டுப் பார்த்தாள். கை எட்டுகிற இடம் மாறவில்லை என்று தெரிந்த பிறகுதான் பால் காய்ச்சப் போவாள்.

பத்து நாள் கழித்து அப்பாதுரை வீட்டுக்கே வந்தார். நிலைவாசலில் தலையைக் குனிந்து நுழைந்து, சோபாவில் உட்கார்ந்து, அவளை ஏற இறங்கப் பார்த்தார். அவர் முகத்தில் ஆச்சரியம் இல்லை.

"பயப்படாதம்மா. எனக்கும் மொத டெண்டர்ல மூணு விரக்கடை கொறஞ்சுது. பொண்ணு பாக்கப் போற நேரம் வேற. அழுதுட்டேன்."

"அப்புறம் இன்னாண்ணா பண்ணீங்க?"

"கான்கிரீட்ல சிமெண்டைக் கொஞ்சம் கம்மி பண்ணேன். கம்பியை அங்கங்க உட்டேன். சாயங்காலமே ஏறிடுச்சு. இது அவ்ளோதாம்மா. ரேட்டைக் கொறைச்சு லெஸ் போட்டா எங்கயாவது ஒண்ணு கொறைஞ்சுதான் ஆவணும். நீ கொறையலன்னா கால்வா கொறையும். கால்வாக்கு வலிக்கப் போதா?"

வேணு கொண்டுவந்த காபியை ஒரே மூச்சில் குடித்துவிட்டு அவர் போனார். வேணு கதவைச் சாத்திவிட்டு வந்து சோபா உறையை இழுத்துச் சரிசெய்தான். பிறகு, "கொஞ்சம்னா, எவ்ளோ கொஞ்சம்னு கேட்டிருக்கலாம்" என்றான். சொன்ன உடனே வெட்கப்பட்டுப் போய் டம்ளரை எடுத்துக் கழுவப் போனான். தேவிப்ரியாவுக்கு அவன்மேல் கோபம் வரவில்லை. அவளும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

ஆனி மாதம் வேலை தொடங்கியது. தெருவே வந்து வேடிக்கை பார்த்தது, இரண்டு நாளில் பழகிவிட்டது. தோண்டிய பள்ளத்தில் இறங்கினால் அவள் தலை வெளியே தெரியாது என்பதால், வேலையாட்கள் கூப்பிட வசதியாக மூங்கில் குச்சியில் சிவப்புத் துணி கட்டிக் கையில் வைத்துக்கொண்டாள். லாரிக்காரர்கள் அவளிடம் வந்து, "மேடம் இல்லையா?" என்று கேட்டார்கள். தலைமைக் கொத்தனார் கருப்பனும் அப்பாதுரையிடம் வேலை பார்த்து வந்தவர்தான், அவர் கைக்கு ஒரு கணக்குப் பழகியிருந்தது. அடித்தளக் கான்கிரீட் போட்ட மூன்றாம் நாள், பத்தே முக்கால் மணிக்கு, தேவிப்ரியாவின் கையில் இருந்த குழந்தை அளவுக் கண்ணாடி வளையல்கள் இறுகின. முதலில் வீக்கம் என்று நினைத்தாள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒன்று விரிசல் விட்டு உடைந்தது, பிறகு இன்னொன்று. சுடிதாரின் கை மேலே ஏறியது. அவள் கண்ணுக்கு எதிரே இருந்த பலகை விளிம்பு கண்ணுக்குக் கீழே இறங்கியது.

அந்த நிமிஷத்தைப் பற்றி அவள் பிற்பாடு யாரிடமும் ஜாஸ்தி பேசியதில்லை. உடம்பெல்லாம் ஒரு சுகம் பரவியது. மாதக்கணக்கில் இறுக்கமான பெட்டிக்குள் மடங்கிக் கிடந்து எழுந்தவள் போல இருந்தது. கருப்பனின் முகம் கிட்டத்தில் வந்தது. அவரைக் கழுத்து வலிக்காமல் பார்க்க முடிந்தது. வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும், மத்தியானத்துக்குள் பழைய ஸ்கூட்டரை ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடலாம். மகள் அண்ணாந்து பார்ப்பாள். இரண்டு கலவை கொட்டும்வரை அவள் நின்றாள், அது உண்மை. மூன்றாவது கலவை வரும்போது கையைத் தூக்கினாள்.

"கருப்பண்ணா, எத்தினி மூட்டை போட்டீங்க?"

"சொன்னபடிதாம்மா."

"நான் வளர்றேண்ணா."

கருப்பன் அவளைப் பார்த்தார், அவள் கையில் ரத்தம் கசிகிற கீறலைப் பார்த்தார், மண்வெட்டியைக் கீழே போட்டார். "அஞ்சுக்கு நாலு போட்டேன்மா. வேணும்னு பண்ணலை. கை அதுவா பண்ணிடுச்சு" என்று சொல்லித் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அன்று காலையிலிருந்து போட்டதையெல்லாம் இறுகுவதற்குள் அள்ளி வெளியே கொட்டினார்கள். அள்ள அள்ள தேவிப்ரியா இறங்கினாள். மேற்பார்வைக்கு வந்திருந்த உதவிப் பொறியாளர் சக்கரபாணி, அதிகம் பேசாதவர், பள்ளத்தின் கரையில் நின்று இதையெல்லாம் பார்த்துவிட்டு, பலம் பார்க்க எடுக்கும் கான்கிரீட் கனசதுரங்களைப் பரிசோதனைக்கு அனுப்பும் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். தன் டேப்பை எடுத்து அவளை அளந்தார். நூற்று முப்பத்தாறு. "சரியா இருக்குங்க" என்றார்.

அந்த ஐப்பசியில் மூன்று நாள் விடாமல் மழை பெய்தது. தேவிப்ரியா கீர்த்தனாவின் மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு, காலையும் மத்தியானமும் கால்வாய் நெடுகப் போய் வந்தாள், ஒவ்வொரு மூடிமேலும் ஏறி நின்று பார்த்தாள். இந்த எடைக்கு மூடி என்ன ஆகும், யானையே வந்தால்தான் தெரியும் என்று தெருவில் சிரித்தார்கள். மலையிலிருந்து இறங்கிய தண்ணீர் கால்வாய்க்குள்ளேயே ஓடி ஏரிக்குப் போனது. தீபத்துக்கு லட்சக்கணக்கானவர்கள் அதன்மேல் மிதித்துக்கொண்டு போனார்கள். அன்று அவள் சோறு தின்னவில்லை, ஒவ்வொரு கூச்சலுக்கும் திடுக்கிட்டு ஓடினாள். அவையெல்லாம் அரோகரா என்கிற சத்தம்தான். பில் பாஸானது. பழுது வந்தால் சரிசெய்து தரவேண்டிய ஒரு வருஷப் பொறுப்புக் காலமும் முடிந்து, பிடித்து வைத்திருந்த தொகை வங்கிக்கு வந்தது. உயரம் வரவில்லை. அன்றைக்குச் சாயங்காலம் வரை காத்திருந்து பார்த்தாள். பிறகு வேணு தச்சரைக் கூட்டிவந்து அடுப்பு மேடையைத் தாழ்த்தினான், ஜன்னல் கொக்கிகளை இறக்கினான், தான் குனிந்து சமைக்கப் பழகிக்கொண்டான்.

அதற்குள் சக்கரபாணி மேலிடத்துக்கு ஒரு குறிப்பு எழுதியிருந்தார். அது எந்தெந்த மேசைகளில் கிடந்தது, யார் யார் சிரித்தார்கள் என்பதெல்லாம் தெரியாது. பங்குனியில் வந்த டெண்டர் நிபந்தனைகளில் நாற்பத்து மூன்றாவதாக ஒன்று சேர்ந்திருந்தது: பதிவின்போது ஒப்பந்ததாரரின் உயரம் குறிக்கப்படும், வேலை முடிந்ததும் அவர் நேரில் வந்து மறுபடி அளவு தரவேண்டும், குறைத்துக் கேட்ட சதவீதம் உடம்பில் குறைந்திராவிட்டால் இறுதிப் பில் தொகை நிறுத்திவைக்கப்படும். ஓட்டல் மாடியில் அன்று டிபன் ஆறிப்போனது. பாதிப் பேர் லெஸ் போடுவதையே விட்டார்கள். அடுத்த கழிப்பிட வேலைக்குத் தேவிப்ரியா இரண்டு நாள் தூங்காமல் யோசித்து, வேணுவிடம் கேட்டு, கீர்த்தனாவிடமும் கேட்டு, இரண்டு சதவீதம் போட்டாள். வேலை அவளுக்கு வந்தது. இரண்டே முக்கால் சென்டிமீட்டர் போயிற்று.

அப்பாதுரை நிபந்தனையைச் சட்டைசெய்யாமல், பழைய தைரியத்தில், கடைவீதிக் கால்வாய் ஒன்றைப் பதினொன்று குறைத்து எடுத்து முடித்திருந்தார். சக்கரபாணி ஸ்டூல்மேல் ஏறி அவரை அளந்து, நூற்று எண்பத்து மூன்று, குறைவு இல்லை, பில் நிறுத்தம் என்று எழுதினார். அப்பாதுரை கத்தினார், கெஞ்சினார், யார் யாருக்கோ போன் செய்தார். பிறகு தன் சொந்த ஆட்களைவிட்டுக் கால்வாயை உடைத்து, விட்ட கம்பிகளைக் கட்டி, மறுபடி போட்டார். அதற்குப் பதினெட்டு நாள் ஆயிற்று.

பத்தொன்பதாம் நாள் காலை, தேவிப்ரியா கழிப்பிட வேலையின் அளவுக்காக அலுவலக வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அப்பாதுரை வந்தார். சட்டைக்கை விரலை மூடித் தொங்கியது, பேண்ட்டை நாலு மடிப்பு மடித்திருந்தார், காலில் செருப்பு இல்லை. அவள் நகர்ந்து இடம் கொடுத்தாள். உட்கார்ந்தார். உள்ளே யாரையோ அளந்து எண்களைச் சொல்லும் சத்தம் கேட்டது. பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கேட்காதபடி அவர் கேட்டார்.

"ஏம்மா, செருப்பு எங்க வாங்குறே?"

"தேரடித் தெருவுல, அண்ணா. ஸ்கூல் பசங்களுக்கு விக்கிற கடை. உங்களுக்கு அவ்ளோ சின்னது வேணாம், பத்தாவது படிக்கிற பையன் சைஸ் கேளுங்க" என்றாள் தேவிப்ரியா.