ஏழாம் எண்

காட்டுக்குள் யாரையும் பேர் சொல்லிக் கூப்பிடக்கூடாது, காட்டிலிருக்கும் பேய்கள் கேட்டு வைத்துக்கொள்ளும் என்று வழிகாட்டி மலாயில் சொன்னபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. இல்லாவிட்டால் மட்டும் என்னை யார் கூப்பிடப்போகிறார்கள்? மகன் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனபிறகு 'அம்மா' என்ற சத்தம் ஞாயிற்றுக்கிழமை போனில் மட்டும்தான். புஷ்பவள்ளி என்று முழுசாகச் சொல்வது கிளினிக் கவுண்டரில்தான்.

காஹாங் ஊரிலிருந்து வண்டியில் குலுங்கிச் சுற்றுலா வந்திருந்த பன்னிரண்டு பேரும் ஒரே தொழிற்சாலை. பேருக்குப் பதில் ஆளுக்கொரு எண். எனக்கு ஏழு, பின்னால் வரும் லோஷினிக்கு எட்டு. ஒவ்வோர் ஓடையையும் கடந்ததும் எண்ணை மலாயில் வரிசையாகச் சொல்ல வேண்டும். முன்னால் போகும் வழிகாட்டி காதால் கேட்டே ஆளைச் சரிபார்ப்பார்.

மூன்றாவது ஓடைக்கு முன் முட்டி மடங்க மறுத்தது. "நீ முன்ன போ லா" என்று லோஷினியை அனுப்பிவிட்டு ஒரு பெரிய மரத்தின் வேரில் உட்கார்ந்தேன். பின்னால் வந்தவர்களும் என்னைக் கவனிக்காமல் கடந்து போனார்கள். ஓய்வெடுக்கத்தான் உட்கார்ந்தேன். பிறகு ஒரு கெட்ட ஆசை வந்தது. எண்ணிக்கை ஏழில் நிற்கட்டும். எல்லாரும் பதறட்டும். யாராவது ஒருவர் விதியை மீறி என் பேரைச் சொல்லிக் கத்தட்டும். இந்த வயதில் இப்படியொரு ஆசை, வெட்கக்கேடு.

அக்கரையில் எண்ண ஆரம்பித்தார்கள். லீமா. அனாம். ஐந்து, ஆறு. அடுத்தது என் எண்.

"துஜோ!"

என் ஏழு, லோஷினியின் குரலில். உடனே அதே குரலில் அவளுடைய எட்டும், "லாப்பான்!" எண்ணிக்கை தடங்கலில்லாமல் பன்னிரண்டுக்குப் போய்ச் சேர்ந்தது.

அவளைக் குறை சொல்ல முடியாது. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று அவள் தாமதமாக வந்த காலையிலெல்லாம் ஷிப்டு வருகை எடுக்கும்போது அவளுக்கும் சேர்த்துக் குரல் கொடுத்தவள் நான்தான். அந்த உதவியைத்தான் திருப்பிச் செய்கிறாள். ஆனாலும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"லோஷினீ!" என்று கத்திவிட்டேன். பூச்சிகளின் இரைச்சல் சட்டென்று அடங்கியது.

"அக்கா, பேரு சொல்லாதீங்க லா!" அக்கரையிலிருந்து அவள் சிரிப்பது கேட்டது. "உங்க நம்பர நான் சொல்லிட்டேன். ஒண்ணும் அவசரமில்ல, மெதுவா வாங்க!"

அவர்கள் நடக்கத் தொடங்கினார்கள். சருகுச் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. கணுக்காலில் ஒட்டியிருந்த அட்டையைப் பிய்த்துப் போட்டுவிட்டு ஓடையில் இறங்கினேன். நடு ஓடையில் நின்று, "துஜோ" என்றேன். தண்ணீர் இரைச்சலில் எனக்கே கேட்கவில்லை.