மூன்றாவது பெயர்

ஹாலோவீன் சின்னப் பிள்ளைகளின் பண்டிகை என்று யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். போன வாரம் எங்கள் ஊர் நூலக வாசலில் ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள், 'எல்லா வயதினரும் கொண்டாடலாம் ஹாலோவீன்' என்று. என்னமோ இவர்கள்தான் புதிதாகக் கண்டுபிடித்த மாதிரி! அயர்லாந்தில் இந்த லீட்ரிம் பக்கத்தில் எழுபது வயதுக் கிழவர்கள் பெண்டாட்டியின் பாவாடையை மாட்டிக்கொண்டு வேலி தாண்டி வருவதைப் பார்த்து வளர்ந்தவள் நான். கடையில் வாங்கிய பிளாஸ்டிக் பல்லைக் கடித்துக்கொண்டு வந்து, மிட்டாயைப் பிடுங்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்கு ஓடுவதெல்லாம் ஒரு கொண்டாட்டமா?

எங்கள் காலத்து வழக்கம் வேறு. இருட்டியதும் முகத்தை மூடிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போய் அடுப்போரம் உட்கார வேண்டும். வாயே திறக்கக் கூடாது, குரல் காட்டிக்கொடுத்துவிடும். வந்தது யார் என்று வீட்டுக்காரர்தான் கண்டுபிடிக்க வேண்டும். மூன்று தடவை பெயர் சொல்லலாம். சரியாகச் சொன்னால் முகமூடியைக் கழற்றியே ஆக வேண்டும். மூன்றும் தப்பென்றால் ஓர் ஆப்பிளும் கைநிறையக் கொட்டைப்பருப்பும் வாங்கிக்கொண்டு கிளம்பிவிட வேண்டும். வந்தது யார் என்று மறுநாள் கோயிலில்கூட மூச்சுவிடக் கூடாது. சத்தியம் மாதிரி அது.

என் தங்கை கார்மலும் நானும் பேசாமல் இருந்த காலத்தில் இந்த வழக்கம்தான் எங்களைக் காப்பாற்றியது.

சண்டை வந்தது அம்மா செத்த அன்றைக்கு. நடுவீட்டில் சவப்பெட்டி. ஊரே தேநீர்க் கோப்பையும் கையுமாக நிற்கிறது. அத்தனை பேருக்கு முன்னால் கார்மல் சொன்னாள்: "நீ நேரத்தோட டாக்டரக் கூப்பிட்டிருந்தா அம்மா இன்னைக்கு இருந்திருப்பா."

அம்மாவைக் கடைசிவரை தூக்கி நிறுத்திக் கழுவித் துடைத்தவள் நான். கல்யாணம் பண்ணிக்கொண்டு பாலத்துக்கு அந்தப் பக்கம் போனவள் அவள். நான் சும்மா இருப்பேனா? "இந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு இனிமே என் வாசப்படி ஏறிடாத" என்றேன்.

"நீயும் என் வீட்டுப் பக்கம் தலைவெச்சுப் படுக்காத" என்றாள் அவள்.

இரண்டு பேருக்கும் வாய் நீளம். அம்மா எங்களுக்குச் சரிபாதியாகப் பிரித்துக்கொடுத்த சொத்து அது ஒன்றுதான். அதற்குப் பிறகு கோயிலில் அவள் இடது பக்கம் உட்கார்ந்தால் நான் வலது பக்கம். கடையில் அவள் தலை தெரிந்தால் நான் உருளைக்கிழங்கைப் பொறுக்குவதுபோல் குனிந்துகொள்வேன். அவள் புருஷன் ஃபின்டன் மட்டும் தூரத்திலிருந்து தொப்பியைத் தொட்டுவிட்டுப் போவான், பாவம்.

அந்த வருஷம் ஹாலோவீன் அன்று கதவு தட்டும் சத்தம். திறந்தால், ஆண்பிள்ளை மழைக்கோட்டு, முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், தலையில் கவிழ்த்த தலையணை உறை. கண்ணுக்கு வெட்டிய ஓட்டைகளைச் சுற்றிச் சிவப்பு நூலில் பொடித் தையல். அந்தத் தையல் எனக்குத் தெரியாதா? அவளுக்கு ஊசி பிடிக்கக் கற்றுக்கொடுத்ததே நான்தானே. கழுதை, என் வார்த்தையை மீறாமலே வந்திருந்தாள். 'இந்த மூஞ்சியோடு வராதே' என்றுதானே சொல்லியிருந்தேன், வேறு மூஞ்சியோடு வந்துவிட்டாள்.

அவள் பெயரைச் சொன்னால் உறையைக் கழற்ற வேண்டும். கழற்றினால் பேச வேண்டும். பேசினால் மறுபடி அம்மா சாவில்தான் போய் நிற்போம். அதனால் வேண்டுமென்றே தப்பாகச் சொன்னேன். வாசலிலேயே, "நம்ம பாதிரியாரா?" என்றேன். இல்லை என்று தலையை ஆட்டினாள். தேநீர் ஊற்றும்போது, "மாட்டு டாக்டரா?" என்றேன். தோள் குலுங்கியது, சிரிக்கிறாள். மூன்றாவது பெயரை மட்டும் சொல்லாமல் இழுத்தடித்தேன். அதைச் சொல்லிவிட்டால் கிளம்பிவிடுவாளே! அடுப்பில் கரி போட்டேன், பூனையைத் திட்டினேன், மழையைப் பற்றிப் பேசினேன். திராட்சை போட்ட பிராக் ரொட்டியை வெட்டிக் கொடுத்தேன். உறையின் விளிம்பைத் தூக்கி அதன் அடியில் தின்றாள். ஒவ்வொரு திராட்சையாக நோண்டித் தட்டு ஓரத்தில் வைத்தாள். குழந்தையிலிருந்தே திராட்சை என்றால் அவளுக்கு ஆகாது. எல்லாம் முடிந்த பிறகுதான், "பிஷப்பா இருக்குமோ?" என்றேன். ஆப்பிளை வாங்கிக்கொண்டு போனாள்.

அதிலிருந்து வருஷா வருஷம் இதுதான். அதே உறை, அதே பாதிரியார், அதே மாட்டு டாக்டர், அதே பிஷப். வருஷத்தில் ஒரு சாயங்காலம் எனக்குத் தங்கை இருந்தாள்.

போன வருஷம் செப்டம்பரில் தபாலாபீஸ் ஃபிலோமினா என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"உன் தங்கச்சிக்கு ரொம்ப முடியலயாமே?"

"எந்தத் தங்கச்சி?" என்றேன் வீம்பாக.

"ஏண்டி இமெல்டா, உனக்கு எத்தன தங்கச்சி இருக்கா? டப்ளின் ஆஸ்பத்திரியிலேயே கைய விரிச்சுட்டாங்களாம். வீட்டுல வெச்சுப் பாத்துக்கோங்கன்னு அனுப்பிட்டாங்க. போய்ப் பாருடி, கல்நெஞ்சுக்காரி."

போயிருக்கலாம். பாலத்தைத் தாண்டினால் அவள் வீடு. ஆனால் கால் எழவில்லை. என்ன சொல்லிக்கொண்டு உள்ளே நுழைவது? கதவைத் திறந்ததும் என்ன பேசுவது? யோசித்து யோசித்து ஒன்று முடிவு செய்தேன். ஹாலோவீனுக்கு எப்படியும் அவளே வருவாள். இந்தத் தடவை அவள் பெயரைச் சொல்லிவிடுவேன். சொன்னால் கழற்றித்தானே ஆக வேண்டும்? அவள் முகத்தைப் பார்த்துவிட்டால் போதும், மற்றது தானாக வரும் என்று நினைத்தேன்.

அன்று காலையிலேயே பிராக் சுட்டேன். இருட்டியதிலிருந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். தெருப்பிள்ளைகள் வந்து போனார்கள், யார் யாருக்கு என்ன கொடுத்தேன் என்றே தெரியாது. அப்புறம் அந்தத் தட்டல். மழைக்கோட்டு, பூட்ஸ், சிவப்புத் தையல் போட்ட உறை. அப்பாடா! நடந்து வந்திருக்கிறாள். ஃபிலோமினா ஒன்றுக்குப் பத்தாகச் சொல்லியிருக்கிறாள், அவ்வளவுதான் என்று வயிற்றில் பால் வார்த்ததுபோல் இருந்தது.

"பாதிரியாரா?" என்றேன். தலையாட்டல். உட்காரவைத்தேன். "மாட்டு டாக்டரா?" தலையாட்டல். தோள் குலுங்கவில்லை. உடம்பு முடியாதவள்தானே என்று நினைத்துக்கொண்டேன். தேநீரும் ரொட்டியும் கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தேன். இந்தத் தடவை கரியும் போடவில்லை, பூனையையும் திட்டவில்லை.

"கார்மல்" என்றேன்.

உறை போட்ட தலை, இல்லை என்று ஆடியது.

எனக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறிவிட்டது. "இன்னுமாடி வீம்பு? நானே எறங்கி வந்து பேரச் சொல்றேன், இல்லங்கறியா? சாகப்போற நேரத்துலயுமா?" என்று கத்திவிட்டேன். கத்திய வாயோடு தட்டைப் பார்த்தேன். தட்டு ஓரத்தில் ஒரு திராட்சைகூட இல்லை.

உறைக்குள்ளிருந்து அழுகைச் சத்தம் வந்தது. ஆண்பிள்ளை அழுகை. ஃபின்டன் உறையை உருவினான். மூக்கும் கண்ணும் ஒழுகிக்கொண்டிருந்தன.

"அவளால எந்திரிக்கவே முடியல இமெல்டா. 'நா போகலன்னா அவ கதவையே பாத்துக்கிட்டு உக்காந்திருப்பா, நீ போய் ஒரு வாய் தின்னுட்டு வந்துரு'ன்னா. 'தையலப் பாத்து நாந்தான்னு நெனச்சுப்பா'ன்னா. திராட்சைய எடுத்து வெக்கணும்னு படிச்சுப் படிச்சுச் சொல்லி அனுப்பினா. நாந்தான் மறந்துபோய்த் தின்னு தொலச்சுட்டேன்."

"கழட்டுடா அந்தக் கோட்டையும்" என்றேன்.

"எதுக்கு?"

"நா போறேன் அவகிட்ட."

"சும்மாவே வாயேன். எதுக்கு இந்தக் கூத்தெல்லாம்?"

"சும்மா வந்து என்னத்தப் பேசறது ஃபின்டன்? வீட்டுப் பக்கம் தலவெச்சுப் படுக்காதன்னு சொல்லியிருக்கா. அவ வந்த மாதிரியேதான் நானும் வருவேன்."

பாலத்தருகே பெரிய நெருப்பு மூட்டிப் பிள்ளைகள் சுற்றி ஆடிக்கொண்டிருந்தார்கள். பழைய டயர் எரியும் நாற்றம். உறைக்குள் எனக்கு மூச்சு முட்டியது. உள்ளே அவள் தலை எண்ணெயின் வாசனை இருந்தது.

முன்னறையில் கட்டிலைப் போட்டிருந்தார்கள். அவளைப் பார்த்ததும் உறை இருந்தது நல்லதாகப் போயிற்று என்று நினைத்தேன், என் முகம் போன போக்கை அவள் பார்க்கவில்லை. பாதி ஆளாகியிருந்தாள். தலையணையில் கன்னம் புதைந்து, கண் மட்டும் பெரிதாக, அம்மாவின் கண்.

"கார்மல், விருந்தாளி வந்திருக்காங்க" என்றான் ஃபின்டன்.

என்னையே வெகுநேரம் பார்த்தாள். நான் பூட்ஸ் காலோடு தடுமாறி நாற்காலியில் உட்கார்ந்தேன். அவள் உதடு கோணியது.

"நம்ம பாதிரியாரா?" என்றாள்.

தலையை ஆட்டினேன்.

கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாள். "மாட்டு டாக்டரா?"

தலையை ஆட்டினேன். கண்ணீர் வழிந்து உறை கன்னத்தில் ஒட்டிக்கொண்டது. சிரிப்பும் வந்தது. திருடி, ஒன்றையும் மறக்கவில்லை! இனி ஒன்றுதான் பாக்கி. சொல்லுடி, சொல்லு, என் பெயரைச் சொல், கழற்றி எறிந்துவிட்டு உன் பக்கத்தில் படுத்துக்கொள்கிறேன் என்று மனசுக்குள் கெஞ்சினேன். பிஷப் என்று சொல்லிவிடாதே, ஆப்பிளைக் கையில் கொடுத்து அனுப்பிவிடாதே.

அவள் சொல்லவில்லை. என் கையை மட்டும் கேட்டாள், விரலை நீட்டிக் காட்டி. கொடுத்தேன். மழையைப் பற்றி ஏதோ சொன்னாள். பூனை எங்கே என்று ஃபின்டனைத் திட்டினாள். அடுப்பில் கரி போடச் சொன்னாள். நான் அவளுக்குத் தண்ணீர் கொண்டுவர அடுக்களைக்குப் போய்த் திரும்புவதற்குள் ஃபின்டனிடம் என்னவோ முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். நான் வந்ததும் நிறுத்திவிட்டாள். இரண்டு வாய் குடித்தாள், கண்ணை மூடினாள்.

நானும் காத்திருந்தேன். தூங்கி எழுந்து சொல்வாள் என்று உட்கார்ந்திருந்தேன். ஃபின்டன் இரண்டு தடவை, "அதக் கழட்டிட்டு உக்காரேன்" என்றான். கூடாது என்று தலையை ஆட்டினேன். அவள் பெயர் சொல்லாமல் எப்படிக் கழற்றுவது? அப்படி ஒரு மடச்சி நான். வாசலிலேயே பிடுங்கி எறிந்திருந்தால் என் முகத்தை ஒரு தடவை பார்த்திருப்பாள் என்பது அப்போது உறைக்கவில்லை.

அவள் விழிக்கவே இல்லை. விடிவதற்கு முன்னால் மூச்சு நின்றுவிட்டது. என் விரலை அப்போதும் அவள் விடவில்லை, நான்தான் எடுக்க வேண்டியிருந்தது.

சாவு வீட்டு வழக்கப்படி ஃபின்டன் கடிகாரத்தை நிறுத்தினான். அப்புறம் என் பக்கம் திரும்பினான்.

"நீ தண்ணிக்குப் போனப்ப என்ன சொன்னா தெரியுமா? 'வந்திருக்கறது இமெல்டாதான், எனக்குத் தெரியும். ஆனா இப்ப சொல்ல மாட்டேன். கடைசிப் பேரயும் சொல்லிட்டா ஆட்டம் முடிஞ்சு போயிரும், அவ எந்திரிச்சுப் போயிருவா. சொல்லாம வெச்சிருந்தா இங்கயே உக்காந்திருப்பா'ன்னா."

நான் உறையைக் கழற்றினேன். அவள் முகத்துக்கு நேராகக் குனிந்தேன்.

"அடிப்பாவி! என்னோட வித்தைய என்கிட்டயே காட்டிட்டியேடி. நான் எங்கடி போயிருவேன்? சொல்லியிருக்கலாமேடி, ஒரு தடவ சொல்லியிருக்கலாமே" என்று கத்தினேன். பக்கத்து வீட்டில் விளக்கு எரிந்தது.

அவள் ஆத்மா போவதற்காக ஃபின்டன் ஜன்னலைத் திறந்துவிட்டான். பாலத்தருகே அணைந்துபோன நெருப்பின் புகை உள்ளே வந்தது.