கறுப்புக் கட்டத்துக்குள் ஸ்பாசே

ஏரிக்கரையில் இருக்கும் எங்கள் ஒஹ்ரிட் நகரில் சாவுச் செய்தி வாயால் பரவுவதற்கு முன்பே கம்பத்தில் ஏறிவிடும். கறுப்புக் கட்டம் போட்ட ஒரு தாள், நடுவில் செத்தவர் படம், கீழே பெயர், அதற்கும் கீழே அழுகிறவர்களின் பெயர்கள். காலையில் ரொட்டி வாங்கப் போகிறவர்கள் கம்பத்தை வாசித்துவிட்டுத்தான் கடைக்குள் நுழைவார்கள். தெரிந்தவர் யாரும் இல்லையென்றால் அன்றைக்கு ரொட்டி கொஞ்சம் கூடுதலாகவே ருசிக்கும்.

அந்த வியாழக்கிழமை ஸ்பாசே ஆறு மணியிலிருந்தே வீட்டுக்குள் குட்டி போட்ட பூனை மாதிரி அலைந்துகொண்டிருந்தார். அவர் மனைவி தாஃபினா தலைநகர் ஸ்கோப்யே ஆஸ்பத்திரியில் இதய வால்வை மாற்றிக்கொண்டு, மூன்று வாரம் கழித்து மத்தியான பஸ்ஸில் வருகிறாள். "யாரும் வர வேணாம், நானே வந்துக்குவேன்" என்று ஃபோனில் சொல்லிவிட்டாள். சொன்ன தொனி சரியில்லை. எந்த அதிர்ச்சியும் ஆகாது என்று டாக்டர் வேறு எச்சரித்திருந்தார்.

மூன்று வாரத்தில் ஸ்பாசே ஆஸ்பத்திரிக்குப் போனது இரண்டே தடவை. கேட்டவர்களிடம் ஒலிப்பதிவு வேலை என்றார். முப்பது வருஷமாக வெளியூர்க்காரர்களுக்கு ஊரைச் சுற்றிக் காட்டியவர் அவர். இப்போது ஒரு சுற்றுலாச் சங்கம் அவர் குரலைப் பதிவு செய்து, வழிகாட்டி இல்லாமல் தாங்களாகவே நடந்து பார்க்கிறவர்களுக்காகப் பதினான்கு நிறுத்தங்களோடு ஒரு நடைப்பாதை போட்டிருந்தது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் அவர் படம், பெயர், ஒரு க்யூஆர் குறியீடு மட்டும் உள்ள தாள் இருக்கும். ஃபோனைக் காட்டினால் குரல் பேசும். வேலை உண்மைதான். ஆனால் அது ஒரு வாரத்தில் முடிந்துவிட்டது.

வீட்டில் கால் தரிக்காமல், தன் நடையைத் தானே நடந்து பார்க்கலாமென்று, ஃபோனில் வைத்திருந்த பதிவைப் போட்டுக் காதில் மாட்டிக்கொண்டு கிளம்பினார். புனித சோஃபியா கோயில் வாசலில் அவர் குரல், "அவசரப்படாமல் ஒரு நிமிஷம் நின்று மேலே பாருங்கள்" என்றது. பத்தாயிரம் பேரிடம் அதைச் சொன்ன மனிதருக்கு அரை நிமிஷம்கூட நிற்க முடியவில்லை. கடிகாரத்தைப் பார்த்தார், ஏரியைப் பார்த்தார், மறுபடியும் கடிகாரத்தைப் பார்த்தார். கோயில் சுவரில் தாளையும் காணோம். பழைய அரங்கத்திலும் இல்லை, கோட்டை வாசலிலும் இல்லை. அடித்து ஒட்டித் தருவதாகச் சொன்ன அச்சுக்கடை ரிஸ்டோ வழக்கம்போல ஏமாற்றிவிட்டான் என்று திட்டிக்கொண்டே கீழே இறங்கினார்.

ரொட்டிக்கடைக் கம்பத்தில் இருந்தது தாள். இரண்டு நிஜப் பிணங்களுக்கு நடுவில், கறுப்புக் கட்டத்துக்குள், ஸ்பாசே பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

கடையிலிருந்து வெளியே வந்த கலியோப்பா அக்கா அவரைக் கண்டதும் ரொட்டியைக் கீழே போட்டுவிட்டுச் சிலுவைக் குறி போட்டாள்.

"நீ போயிட்டேன்னு உன் சாவுக்குப் படைக்கக் கோதுமையை ஊற வெச்சுட்டேனேடா!"

"உசுரோடதான்கா இருக்கேன்."

"ஊறின கோதுமையை இப்ப நான் என்னடா பண்றது?"

ஸ்பாசே ரிஸ்டோவுக்கு ஃபோன் போட்டார். நாற்பது வருஷமாக ஊர்ச் சாவுகளையெல்லாம் அச்சடித்த ஆள் ரிஸ்டோ. கடிந்தாலும் கத்தினாலும் அசைய மாட்டான்.

"டேய், சுத்திக் கறுப்பு போட்டிருக்கே!"

"படம் இருக்கு, பேர் இருக்கு. சுத்தி ஒரு கோடு இல்லைன்னா மொட்டையா இருக்காது?"

"நிறுத்தத்துல ஒட்டாம எங்கடா ஒட்டித் தொலைச்சே?"

"எப்பவும் ஒட்டுற இடத்துலதான். கம்பம், சின்னக் கோயில் வாசல், சந்தை, பஸ் நிலையம்."

பஸ் நிலையம் என்ற சொல்லைக் கேட்டதும் ஸ்பாசே பேச்சை அறுத்தார். தாஃபினா இறங்கினதும் முதலில் அதைத்தான் பார்ப்பாள். அவளுக்கு ஃபோன் போட்டார்; அணைந்திருந்தது. மணி பதினொன்றே முக்கால். அறுபத்து மூன்று வயதில் மனிதர் ஓடத் தொடங்கினார்.

செத்தவன் ஓடினால் ஊர் சும்மா விடுமா? சவரக்கடை இலியா வழி மறித்துக் கட்டிப்பிடித்தான்.

"உனக்குக் கோயில்ல கீழ்த்தட்டுல மெழுகுவத்தி ஏத்திட்டு இப்பத்தான் வர்றேன். செத்தவங்க தட்டுடா! இப்ப போய் மேல மாத்தி வைக்கணுமா?"

"மாத்தி வை, வைக்காம இரு, என்னை விடு!"

"ஒரு மடக்கு ரக்கியாவாவது குடிச்சிட்டுப் போ. உன் பேரைச் சொல்லித் தரையில வேற ஊத்திட்டோம்."

உதறிக்கொண்டு ஓடினார். சந்தையில் நாலு பேர் தொட்டுப் பார்த்தார்கள். ஒருத்தி கிள்ளியே பார்த்தாள். கண்ணில் பட்ட தாளையெல்லாம் கிழித்துக்கொண்டே, தாஃபினா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுவது போலவும், சுற்றிக் கூட்டம் கூடுவது போலவும் நினைத்து நினைத்து ஓடினார். அவள் போய்விட்டால் அந்தத் தாளையும் ரிஸ்டோதான் அடிப்பான் என்று ஒரு நினைப்பு வந்தது. அழுகையும் வந்தது.

ஊர் நடுவில் இருக்கும் பெரிய சினார் மரத்தடிக்கு வந்து சேரும்போது மணி பன்னிரண்டரை. தாஃபினா அங்கே இருந்தாள். பஸ் நிலையத்திலிருந்து டாக்ஸியில் வந்து இறங்கி, வீட்டுக்குப் போகும் மேட்டில் ஏறும் முன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். சுற்றி மூன்று பெண்கள் ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தார்கள். அவள் கண்ணில் பொட்டு ஈரம் இல்லை. மடியில் அந்தத் தாள்.

ஸ்பாசேயைக் கண்டு மூன்று பெண்களும் அலறினார்கள். தாஃபினா அவரைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள்.

"போங்கடி, போய் அவங்கவங்க அடுப்பைப் பாருங்க" என்று அவர்களை அனுப்பினாள்.

"தாஃபினா, நெஞ்சு... நெஞ்சு எப்படி இருக்கு?"

"புது வால்வு. நல்லாத்தான் அடிக்குது. நீ உக்காரு, உன் மூஞ்சி வெளுத்துப் போயிருக்கு."

"எங்க பார்த்தே?"

"இறங்கின இடத்துலயே. நாலு கம்பத்துல. பையை அப்படியே போட்டு அது மேலயே உக்காந்துட்டேன். அப்புறம் எடுத்து வாசிச்சேன். அழுறவங்க பேரே இல்லை. பொண்டாட்டி பேர்தானே எப்பவும் முதல் வரி? என் பேர் இல்லை."

ஸ்பாசேக்கு உயிர் வந்தது. தொடையைத் தட்டினார். "அதை வெச்சே நான் சாகலைன்னு கண்டுபிடிச்சிட்டே பாரு! கெட்டிக்காரிடி நீ!"

அவள் சிரிக்கவில்லை.

"இல்லை, ஸ்பாசே. நீ செத்துட்டேன்னுதான் நம்பினேன். மூணு வாரத்துல ரெண்டு தடவை எட்டிப் பார்த்த மனுஷன், சாகும்போது என் பேரையும் எடுத்துடச் சொல்லிட்டான்னு நெனச்சேன். டாக்ஸியில வர்ற வழியெல்லாம் அதைத்தான் நெனச்சேன். இந்தப் பொம்பளைங்க கேட்டா என்ன சொல்றதுன்னு."

இந்த ஊரைப் பற்றி எந்தக் கேள்வி கேட்டாலும் மூச்சு விடாமல் பதில் சொல்கிற மனிதர் அவர். இப்போதும் ஒலிப்பதிவு என்ற பதில் நாக்குவரை வந்தது. அதை விழுங்கினார்.

"பயந்துட்டேன், தாஃபினா. உன்னை அந்தக் கட்டில்ல, அந்தக் குழாயெல்லாம் மாட்டி... பார்க்க முடியலை. அதான் வேலை இருக்குன்னு சொல்லிட்டு இங்கயே இருந்துட்டேன்."

தாஃபினா தாளை இரண்டாக மடித்தாள்.

"எனக்கும்தான் பயமா இருந்துச்சு. நான் எங்க ஓடுறது?"

அவள் எழுந்து, பையை அவர் பக்கம் காலால் தள்ளிவிட்டு, மேட்டில் ஏற ஆரம்பித்தாள்.