திங்கட்கிழமை ரத்தம்

கண்ணாடிக்காரருக்கு ஒன்றும் பிடிபடவில்லை. புது மருந்தைச் சோதிக்கும் ஆய்வின் நர்ஸ் மேஜையில் விரித்து வைத்த தாளில் ஆறு புள்ளிகள் இருந்தன. மூன்று மேலே, மூன்று கீழே.

"மேல இருக்கறது வெள்ளிக்கிழமை எடுத்த ரத்தம். கீழ இருக்கறது திங்கட்கிழமை எடுத்தது," என்றாள் நர்ஸ். "வெள்ளிக்கிழமை மருந்து நல்லாவே ஏறியிருக்கு. திங்கட்கிழமை பார்த்தா மாத்திரையே போடாதவங்க ரத்தம் மாதிரி இருக்கு. அக்கா, சனி ஞாயிறு விட்டுடறீங்களா?"

கண்ணாடிக்காரரின் மனைவி, டீச்சர், தலையாட்டினாள். இல்லை என்றா, தெரியாது என்றா, அவருக்கே புரியவில்லை. இருபத்து மூன்று வருடம் கூடவே வாழ்ந்தும் அந்தத் தலையாட்டல் மட்டும் அவருக்குப் பிடி கொடுத்ததில்லை.

"வார நாள்ல அவ ஸ்கூல்ல போட்டுக்குறா. சனி ஞாயிறு என் கையாலதான் எடுத்துக் கொடுக்கறேன்," என்றார் அவர். "முழுங்கினதுக்கப்புறம் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பேன்."

"பார்ப்பார். டார்ச் அடிச்சுப் பார்ப்பார்," என்றாள் டீச்சர்.

நர்ஸ் சிரிக்கவில்லை. இன்று மாலை டாக்டர் முடிவு செய்வார் என்றாள். மாத்திரையை ஒழுங்காகப் போடாதவர்களை ஆய்வில் வைத்திருக்க முடியாது. இந்த ஆய்வை விட்டால் டீச்சருக்கு வேறு மருந்து கைவசம் இல்லை என்பது அந்த அறையில் இருந்த மூவருக்கும் தெரியும்.

அவர் கண்ணாடிக் கடையில் லென்ஸ் அறுப்பவர். அளவு மயிரிழை தப்பினாலும் போட்டுக்கொள்பவருக்குத் தலைவலி வந்துவிடும் தொழில். அப்படிப்பட்டவர் கையில்தான் டீச்சர் அந்தப் பன்னிரண்டு பக்க ஒப்புதல் படிவத்தைக் கொடுத்து, "நீங்க படிச்சுட்டுச் சொல்லுங்க, நான் கையெழுத்து மட்டும் போடறேன்," என்று சொல்லியிருந்தாள். தன் வயிற்றுக்குள் இருப்பதைப் பற்றி எழுத்தில் பார்க்க அவளுக்குத் தைரியமில்லை. அவரும் படித்தார். இரண்டாம் பக்கத்திலேயே விஷயம் வந்துவிட்டது: கட்டி வளர்வதற்குப் பயன்படுத்தும் கொழுப்புச் சமிக்ஞைகளைத் தடுக்கும் மருந்து. கொழுப்புதான் எதிரி. அதற்கு மேல் படிக்க என்ன இருக்கிறது என்று அடுக்களைக்குப் போய் எண்ணெய்ப் பாட்டிலைப் பக்கத்து வீட்டுக்குத் தானம் செய்துவிட்டார்.

அன்றிலிருந்து ஆறு வாரமாக அவரே சமையல். காய்களை வெறும் தண்ணீரில் வேகவைப்பார். முட்டையில் வெள்ளையை மட்டும் பிரித்தெடுப்பார். பாலைக் காய்ச்சி ஆடையை நீக்குவார், பிறகு பாலையும் நீக்கினார்.

"சாப்பாட்டோடதானே போடறீங்க?" என்று நர்ஸ் கேட்டாள்.

"பின்ன? நீங்க கொடுத்த மாத்திரை டைரியில எழுதியிருக்கேனே. உணவுடன், ஆம். உணவுடன், ஆம்."

"என்ன உணவு?"

பெருமையோடுதான் பதில் சொன்னார். ஒரு சொட்டு எண்ணெய் கிடையாது, ஒரு துளி வெண்ணெய் கிடையாது என்று அவர் சொல்லச் சொல்ல நர்ஸின் பேனா மெதுவாகத் தாளில் படுத்துக்கொண்டது. அவள் படிவத்தின் பதினோராம் பக்கத்தைத் திருப்பி அவர் முன்னால் தள்ளினாள். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் படித்தார். மாத்திரையைக் கொழுப்பு நிறைந்த உணவோடு மட்டுமே உட்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் உடல் அதை ஏற்காது.

இரண்டு முறை படித்தார். மூன்றாம் முறை விரல் வைத்துப் படித்தார்.

"கொழுப்பைத் தடுக்கற மருந்தைக் கொழுப்போடயே கொடுக்கணுமா? அப்ப எதைத் தடுக்குது?"

"சார், தட்டுல இருக்கற கொழுப்பு வேற. புற்று செல் தன் தோல்ல இருக்கற கொழுப்புல துளியூண்டு கிள்ளி, வளரு வளருன்னு உள்ளுக்குள்ள தகவல் அனுப்புது. அந்தத் தகவல் போய்ச் சேராம மாத்திரை கதவை அடைக்குது. நீங்க சமைக்கறதுக்கும் அதுக்கும் சம்பந்தமில்லை. ஆனா மாத்திரை குடல்லேர்ந்து ரத்தத்துக்குப் போகணும்னா நெய்யோ வெண்ணெயோ வேணும்."

அவருக்குப் பாதி புரிந்தது போலவும் புரிந்த பாதிதான் தப்பு போலவும் இருந்தது. பட்டினி போட்டது கட்டியை அல்ல, மருந்தை. திடீரென்று இன்னொன்று உறைத்தது.

"அப்ப வெள்ளிக்கிழமை எப்படி ஏறுச்சு? ஸ்கூலுக்குச் சாப்பாட்டு டப்பாவும் நான்தான் கட்டிக் கொடுத்தேன்."

டீச்சர் தன் கைப்பையின் ஜிப்பை இழுத்தாள், மூடினாள்.

"அது பி.டி. மாஸ்டர் சாப்பிட்டார்," என்றாள்.

"எது?"

"உங்க டப்பா. தினமும். டயட்ல இருக்கார். நாலு கிலோ குறைஞ்சுட்டார், உங்களுக்கு நன்றி சொல்லணும்னு சொல்லிட்டிருக்கார்."

"நீ?"

"கேன்டீன்ல முட்டை பஃப்ஸ். சில நாள் கிரீம் பன்னும்."

"மாத்திரையோடயா?"

"மாத்திரையோடதான். திருட்டுத் தீனி தின்னுட்டு மருந்தும் போடாம இருக்கக் கூடாதுல்ல? நீங்க வேகவெச்சது வாய்க்குள்ள போகலைங்க. சொன்னா மனசு ஒடிஞ்சுடுவீங்க."

கோபப்படலாமா என்று யோசித்தார். கோபம் வரவேண்டிய இடத்தில் என்னவோ வேறு வந்து உட்கார்ந்திருந்தது. அவர் வாக்குத் தவறாமல் செய்ததெல்லாம் அவளுக்குக் கெடுதல், அவள் ஏமாற்றியதெல்லாம் நல்லது. இந்தக் கணக்கை எங்கே கொண்டுபோய்ச் சொல்வது?

"எல்லாத்தையும் எழுதிக்கலாமா?" என்றாள் நர்ஸ்.

"எழுதிக்கோம்மா," என்றார் அவர். "அவ மாத்திரையை விடலை. தப்பு என் மேல. பெரிய எழுத்துலயே எழுது."

மாலையில் டாக்டர் வந்து புள்ளிகளைப் பார்த்தார், பஃப்ஸைப் படித்தார், ஆய்வில் தொடரட்டும் என்றார். அந்த ஆறு சனி ஞாயிறும் நஷ்டமா என்று கண்ணாடிக்காரர் கேட்டதற்கு, "தெரியாது. ஸ்கேன் எடுத்தாதான் தெரியும். அதுலயும் தெரியாம போகலாம்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

சனிக்கிழமை மதியம் அடுப்பில் வாணலி காய்ந்துகொண்டிருந்தது. கரண்டியில் வெண்ணெயை எடுத்தவர் அப்படியே நின்றார். மூளை சரி என்றது, கை கேட்கவில்லை. இது அவளுக்குப் போகிறதா, கட்டிக்குப் போகிறதா? நர்ஸ் சொன்னதை முதலிலிருந்து ஓட்டிப் பார்த்தார். தோல், துளி, கதவு. நடுவில் எங்கோ அறுந்தது.

டீச்சர் உள்ளே வந்து அவர் பக்கத்தில் நின்றாள்.

"போடட்டுமா?"

"போடுங்க."

"இவ்வளவுமா?"

"இன்னும் கொஞ்சம்."

போட்டார். மஞ்சள் கருவோடு முழு முட்டை இரண்டை உடைத்து ஊற்றினார். அவள் சாப்பிட்டு, மாத்திரையை விழுங்கி, கேட்காமலே வாயைத் திறந்து காட்டினாள். அவர் டார்ச் எடுக்கவில்லை.

"எப்படி இருக்கு?" என்றார்.

"பஃப்ஸ் அளவுக்கு இல்லை," என்று சொல்லிவிட்டு, தட்டை இன்னொரு முட்டைக்கு நீட்டினாள்.