ரிப்பன் வெட்டாத கழிப்பறை

1

வாசகரே, இக்கதை பொறாமையில் பிறந்தது. பண்டார் தெங்காராவுக்கு அப்பால், செம்பனைத் தோட்டங்களின் நடுவே நிற்கும் ஒரு தமிழ்ப்பள்ளிக்குக் கழிப்பறை வேண்டுமென்று மேடைதோறும் முழங்கியவன் நான். துண்டறிக்கை அச்சிட்டு வீடுவீடாகக் கொடுத்தவனும் நான். கழிப்பறை எழுந்துவிட்டது. ஆனால், அதன் சுவரில் பதித்த கருங்கல்லில் மின்னும் பெயரோ பெற்றோர் ஆசிரியர் சங்கத் தலைவர் கமலநாதனுடையது! அந்தக் கல்லைக் கண்ட அன்றே எழுத உட்கார்ந்தேன்.

2

முதல் தொடக்கம்: "விடியலின் ஒளியில் அப்பள்ளி ஓர் அறிவாலயமாக..." (பொய். விட்டுவிடுகிறேன்.)

இரண்டாம் தொடக்கம்: "கமலநாதன் என்னும் கயவன்..." (அடித்துவிட்டேன். அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கி மானியம் பெற்றுவந்தவர் அவர்தான். இவ்வரியை எழுதும்போது கை வலிக்கிறது.)

மூன்றாவது நிற்கட்டும்: கழிப்பறை பூட்டிக் கிடக்கிறது. சட்டமன்ற உறுப்பினர் (ஊர் வாயில் 'ஒய்பி') வந்து ரிப்பன் வெட்டும்வரை எவரும் நுழையக் கூடாதென்பது கமலநாதனின் கட்டளை. விழாவோ தள்ளிப்போய்க்கொண்டே இருக்கிறது. பழைய கழிப்பறையில் கதவுமில்லை, தண்ணீருமில்லை. ஆகவே இரண்டாம் ஆண்டு மாணவி யாழினி பள்ளியில் தண்ணீரே குடிப்பதில்லை. காலையில் நிரப்பிய போத்தல் மதியம் நிரம்பியபடியே வீடு திரும்பும். சென்ற வாரம் நீர்க்கடுப்பும் காய்ச்சலுமாகப் படுத்துவிட்டாள். "போத்தல் காலியாகத் திரும்பி வரணும்" என்று டாக்டர் கண்டித்து அனுப்பினார்.

3

அவள் தாய் பிரேமலா, தொழிற்சாலைச் சீருடையோடு மோட்டார் சைக்கிளைப் பள்ளி வாசலில் நிறுத்துகிறாள். எதிரே கமலநாதன்.

"அண்ணே, சாவியக் குடுங்க."

"ஒய்பி வந்துதான் தொறக்கணும் தங்கச்சி. இப்பவே விட்டா தரையெல்லாம் அழுக்காயிடும்லா. போட்டோவுல எப்படி இருக்கும்?"

"அலமாக்! அழுக்காகாம வச்சுக்கவா தண்டாஸ் கட்டுனீங்க?"

(அடிக்குறிப்பாகக் கொள்க: இவ்வரி நான் மேடையில் பேசியிருக்க வேண்டியது. முன்வரிசை எழுந்து நின்றிருக்கும். இப்போது பிரேமலாமீதும் எனக்குப் பொறாமை.)

4

முடிவு அ: கமலநாதன் மனம் மாறிச் சாவியைத் தருகிறார். (கூடாது. கல்லில் பெயர் பெற்றவருக்குக் கதையிலும் புகழா?)

முடிவு ஆ: பிரேமலா சுத்தியலை ஓங்குகிறாள். பூட்டு... (நாளை ஊர் அவளுக்கு மாலை போடும். என்னால் இந்த வாக்கியத்தை முடிக்க இயலவில்லை.)

முடிவு இ: நானே கதைக்குள் நுழைகிறேன். கமலநாதனின் சட்டைப்பையில் இருந்த சாவி இப்போது என் கையில். எழுதுபவனுக்கு இவ்வளவு உரிமைகூட இல்லையா? கழிப்பறைப் படிமீது ஏறி நிற்கிறேன். "பெரியோர்களே! தாய்மார்களே! நம் இனத்தின் மானம் இக்கதவுக்குப் பின்னே..."

"ஐயா," என்று குறுக்கிடுகிறாள் பிரேமலா. "பிள்ள காலப் பின்னிக்கிட்டு நிக்கிறா. தொறந்துட்டுப் பேசுங்களேன்."

"இன்னும் இரண்டே பத்தி, அம்மா."

"அவரு ஒய்பிக்காகப் பூட்டி வச்சாரு. நீங்க யாரு கைதட்டணும்னு பூட்டி வச்சிருக்கீங்க?"

கைதட்ட எவராவது வருகிறார்களா என்று பள்ளி வாசலைப் பார்க்கிறேன்.

5

வாசகரே, கையை நீட்டுங்கள். சாவியை உங்களிடமே தருகிறேன். உங்கள் பெயரைக் கல்லில் எவரும் பொறிக்கமாட்டார்கள். நானும் எழுதமாட்டேன், எழுதினால் உங்கள்மீதும் பொறாமை கொள்வேன். என்னைத் திரும்பிப் பார்க்க வேண்டாம். நான் இன்னும் படியைவிட்டு இறங்கவில்லை, சற்றுத் தள்ளிவிட்டுப் போங்கள்.

யாழினி கதவருகே நிற்கிறாள். டாக்டர் சொன்னதை இன்று கேட்டுவிட்டாள். போத்தல் காலி.