அறுபது டிகிரியில் நாலு நாள்

எண்ணெய்க் கிணற்றுக்குள் போடுகிற பந்துகளைச் செய்யும் தொழிற்சாலையில் அவன் பரிசோதகன். கைக்கு அடங்கும் உலோகப் பந்து. ஆழத்தில் பொருத்திய அடைப்பானின் துளையில் அது போய் உட்கார்ந்தால் கீழ்ப்பகுதி மூடிக்கொள்ளும். மேலிருந்து ஏற்றும் தண்ணீரின் அழுத்தம் முழுவதும் பக்கத்துப் பாறையைப் பிளக்கும். பிளந்த பிறகு பந்து கிணற்றின் உப்புத் தண்ணீரில் தானாகக் கரைய வேண்டும். இல்லாவிட்டால் எண்ணெய்க்கு வழியில்லை. வேலை முடியும்வரை அசையாமல் இருந்துவிட்டு, முடிந்ததும் சொல்லாமல் கொள்ளாமல் போய்விடுவது விருந்தாளிகளுக்கே எளிதில் கைவராத வித்தை.

விற்பனையைக் கவனித்தவர் அவன் மனைவியின் அண்ணன். பத்து மணி நேரத்தில் கரைந்துவிடும் என்று வாடிக்கையாளரிடம் சத்தியம் பண்ணாத குறையாகச் சொல்லியிருந்தார். சூடான கிணறுகளில் அது உண்மைதான். இந்தக் கிணற்றின் அடியிலோ வெறும் அறுபது டிகிரி. அவன் ஒரு பந்தை அதே சூட்டில் உப்புத் தண்ணீரில் போட்டு, தினமும் எடுத்து நிறுத்துப் பார்த்தான். முழுக்கக் கரைய நாலு நாள் ஆயிற்று. அப்படியே அறிக்கையில் எழுதினான்.

“மாப்ளே, இதை உங்கிட்ட யாரு கேட்டா?” என்றார் மைத்துனர்.

“யாரும் கேக்கல மச்சான். பந்துதான் சொல்லுது.”

“உள்ள போன பந்து வெளிய வந்து சாட்சி சொல்லவா போகுது? டிராயர்ல வை.”

வீட்டில் மனைவி தட்டை வைத்தபடியே சொன்னாள்: “எங்க அண்ணன் வயித்துல அடிக்கிறதுக்குன்னே அறுபது டிகிரி கண்டுபிடிச்சிருக்கீங்க.” அவன் சாப்பிட்டு எழுந்தான். ஆனால் பத்து மணி நேரம் என்று எழுதிய சான்றிதழில் கையெழுத்துப் போடவில்லை. மேலாளர் போட்டார், எதில் வேண்டுமானாலும் போடுகிற கை அவருக்கு.

பந்துகளோடு அவனையும் கிணறு இருக்கும் இடத்துக்கு அனுப்பினார்கள். ஏதாவது ஆனால் பழி போட ஓர் ஆள் அங்கே இருக்க வேண்டுமே. மைத்துனரும் வந்தார்.

காலை ஏழு மணிக்குப் பந்து இறங்கி உட்கார்ந்தது. அழுத்தம் பாதி ஏறும்போது பெரிய பம்ப் உறுமி, புகைந்து, நின்றுபோனது. உதிரிப்பாகம் வர இரண்டு நாள் ஆகும் என்றார்கள். கிணற்றுக்குப் பொறுப்பான பொறியாளர் அம்மாள் தகர அறைக்குள் வந்து தலைக்கவசத்தை மேசைமேல் வைத்தார்.

“பத்து மணி நேரத்துல உங்க பந்து கரைஞ்சிடும். பம்ப் ஓடுறப்ப அடைப்பே இருக்காது. மறுபடி முதல்லேருந்து ஆரம்பிக்கணும். அப்படித்தானே?”

 கரையாமல் போய்விடுமோ என்று பயந்து வந்த மைத்துனர், கரையும் என்று தான் சொன்ன வார்த்தைக்கே இப்போது பயந்தார்.

“கரையாதுங்க,” என்றான் அவன். “நாலு நாள் தாங்கும். அளந்து பார்த்திருக்கேன்.” பையிலிருந்து அறிக்கையின் நகலை எடுத்து நீட்டினான்.

அம்மாள் படித்தார். “இதை ஏன் முன்னாடியே தரல?”

அவன் மைத்துனரைப் பார்த்தான். மைத்துனர் கூரையைப் பார்த்தார்.

மூன்றாம் நாள் பம்ப் ஓடியது. பந்து தாங்கியது, பாறை பிளந்தது. ஐந்தாம் நாள் பார்த்தபோது பந்து இருந்த சுவடே இல்லை.

திரும்பியதும் மைத்துனருக்குப் பாராட்டுக் கூட்டம், கேடயம். ‘நாள்கணக்கில் தாங்கும் புதிய பந்து’ என்று விளம்பரத் தாள் அடித்தார்கள். அவன் எழுதிய வரிகள் எழுத்து மாறாமல் அதில் இருந்தன; அவன் பெயர்தான் இல்லை. “அண்ணன் மூளையே மூளை,” என்றாள் மனைவி. அவனுக்கு உள்ளுக்குள் எரிந்தது.

அடுத்த வாரமே மைத்துனர் அதே தாளைக் காட்டி, அதே அம்மாளின் நூற்றிருபது டிகிரி கிணறு ஒன்றுக்கு ஆர்டர் பிடித்தார். அந்தச் சூட்டில் பந்து ஆறு மணி நேரம்கூடத் தாங்காது. இந்தத் தடவை அவன் அறிக்கை எழுதவில்லை. நேராக அந்த அம்மாளுக்குப் போன் போட்டான்.

“தெரியும்,” என்றார் அவர். “உங்க மச்சான் பேச்சை நம்ப நான் என்ன நேத்துப் பொறந்தவளா? நீங்க கூப்பிடுறீங்களான்னுதான் பார்த்தேன். வர்ற சரக்கைச் சோதிக்க இங்க ஓர் ஆள் வேணும். வர்றீங்களா?”

இதை மனைவி அண்ணனிடம் சொன்னாள். “தாராளமா போகட்டும்,” என்றார் அவர். “வாங்குற இடத்துல நம்ம ஆளு ஒருத்தன் இருந்தா நல்லதுதானே.”

அவன் போனான். முதல் மாதத்திலேயே மைத்துனரின் சரக்கை இரண்டு தடவை திருப்பி அனுப்பினான். மனைவி பத்து நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. பதினோராம் நாள், “அந்தப் பந்து அவ்வளவு மோசமா?” என்று கேட்டாள். அவன் எடுத்துச் சொன்னான்.

முழுக்கக் கேட்டுவிட்டு, “அண்ணன் சின்ன வயசுலேருந்தே அப்படித்தான்,” என்றாள்.