பதினேழாம் எண் உறை

"இது துப்பறியும் கதையே இல்ல..."

"முழுசாச் சொல்ல விடுங்க அத்தான்..."

"என்னத்தைச் சொல்லப் போற? ஒரு நீலக் கவர் காணாமப் போச்சு. அவ்வளவுதானே கதை? அதுக்கு இருநூத்திப் பன்னெண்டு பக்கம்! பொணம் உண்டா? போலீஸ் உண்டா?"

"பொணம் விழுந்தாத்தான் கதையா? அப்போ சுடுகாட்டுக் காவல்காரருக்கே முதல் பரிசைக் குடுத்துட்டுப் போங்க."

"வாய்க்கு வாய் பேசாத!"

"ரெண்டு பேரும் ஒரே நேரத்துல பேசினா நான் யாரைக் குறிச்சுக்கறது?" என்றார் பல் டாக்டர். "வாயைத் திறங்கன்னு சொல்றதுதான் சார் என் தொழில். இங்க வந்து மூடுங்கன்னு கெஞ்ச வேண்டியிருக்கு."

நானும் அத்தானும் மூடிக்கொண்டோம். அத்தான் சொன்னதில் ஏதோ ஒன்று பல்லிடுக்கில் நார் மாட்டிக்கொண்ட மாதிரி எனக்கு உறுத்தியது. என்னவென்று பிடிபடவில்லை.

நாங்கள் மூன்று பேரும் பத்திரிகையின் துப்பறியும் நாவல் போட்டிக்கு நடுவர்கள். அத்தான் தலைவர். என் அக்காவைக் கட்டியவர், பெரிய நூலகத்தில் தலைமை நூலகராக இருந்து ஓய்வு பெற்றவர். பல் டாக்டர் இரண்டு நோயாளிகளுக்கு நடுவே ஒரு அத்தியாயம் என்று மர்மக் கதைகளாகவே படித்து வளர்ந்தவர். நான் இதே பத்திரிகையில் முப்பத்தெட்டு வருஷம் பிழை திருத்தினவள். சந்திப்பு அறையின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே ஆசிரியர் குறுக்கும் நெடுக்குமாக நடந்துகொண்டிருந்தார். நாலு மணிக்குள் முடிவைக் கொடுக்க வேண்டும். இப்போது மூன்று பத்து.

போட்டி விதி ரொம்பக் கறார். நாவலின் கடைசி அத்தியாயத்தை எழுதினவரே தனி உறையில் போட்டு ஒட்டி, ஒட்டின இடத்தில் குறுக்கே கையெழுத்திட்டு அனுப்ப வேண்டும். பெயரும் விலாசமும் அந்த உறைக்குள்தான். வெளியே எண் மட்டும். இது துப்பறியும் கதைதான், கடைசி அத்தியாயத்தைப் படிக்காமலே வாசகர் குற்றவாளியைக் கண்டுபிடித்துவிடலாம் என்று மூவரில் இரண்டு பேராவது கையெழுத்திட்டால் உறை பிரிக்கப்படும். இல்லாவிட்டால் பிரிக்காமலே அழித்துவிடுவார்கள். முடிவைத் திருடிவிட்டார்கள் என்று பிறகு யாரும் வழக்குப் போடக்கூடாதாம். அழிக்கிற இயந்திரம் மூலையில் சின்னப் பச்சை விளக்கோடு வாயைத் திறந்துகொண்டு நின்றது.

இன்னொரு விதியும் உண்டு. எழுதினவர் யாரென்று தெரிந்துவிட்டால் அந்த நடுவர் விலகிக்கொள்ள வேண்டும்.

எனக்கு நாற்பதாம் பக்கத்திலேயே தெரிந்துவிட்டது.

நாவலில் ஒரு தங்கை வருகிறாள். எந்தப் பேச்சையும் தான்தான் முடிக்க வேண்டும் என்று நிற்பவள். அவளை அக்காக்காரி கூப்பிடுகிற செல்லப் பெயர் 'முற்றுப்புள்ளி'. உலகத்தில் என்னை அப்படிக் கூப்பிட்டவள் ஒருத்திதான். முப்பத்தோரு வருஷத்துக்கு முன்னால் ஒரு கைப்பையோடு வீட்டை விட்டுப் போனவள், இருக்கிறாளா இல்லையா என்பதே தெரியாதவள், என் அக்கா.

சொன்னால் நான் விலக வேண்டும். நான் விலகினால் மிச்சம் இரண்டு பேர், அதில் அத்தான் ஒருவர். உறை நேரே மூலைக்குப் போகும். சொல்லவில்லை. செய்தது தப்புதான்.

அந்தப் பெயர் அத்தானுக்கும் தெரியும். அவரும் சொல்லவில்லை.

"சரி, நிதானமாப் பார்ப்போம்" என்று பல் டாக்டர் விதித்தாளைத் தட்டினார். "கதையை நான் சொல்றேன், தப்பிருந்தா திருத்துங்க. ஒரு பொம்பளை வீட்டை விட்டுப் போறா. போறப்போ தங்கச்சிக்கு ஒரு கடிதம் எழுதி, தையல் மெஷின் மூடிக்கு அடியில வச்சுட்டுப் போறா. தங்கச்சி வந்து மெஷினை எடுத்துக்கணும்னு அவங்களுக்குள்ள பேச்சு. ஒரு விடுதியில ரூம் எடுத்து நாலு நாள் தங்கச்சிக்காகக் காத்திருக்கா. தங்கச்சி வரல. கடிதம் என்னாச்சு? வீட்டுல இருந்தது புருஷன், மாமியார், மாடியில குடியிருக்கிற மாஸ்டர். வெளியிலிருந்து வந்தது தங்கச்சி. நாலு பேர்ல யார்?"

"யாராயிருந்தா என்ன?" என்றார் அத்தான். "அடுத்தவங்க கடிதத்தை எடுத்தது ஒரு குற்றமா? வீட்டுக்குள்ள ஆயிரம் இருக்கும்."

"திருட்டு குற்றம்தானே சார்? முதல் விதி, குற்றம் ஒண்ணு வேணும். இருக்கு. டிக் போட்டுட்டேன்."

"துப்பறியறவன் எங்கே? ஒருத்தராவது ஒருத்தரை ஒரு கேள்வி கேட்கறாங்களா? மாப்பிள்ளை இல்லாம கல்யாணம் பண்ற மாதிரி இருக்கு."

"படிக்கிறவங்கதான் துப்பறியணும்" என்றேன். "நாம மூணு நாளா வேறென்ன பண்ணிட்டிருக்கோம்?"

"அது உன் வியாக்கியானம், சின்னவளே. கட்டம்னா கட்டம். நாலு மூலையும் இருக்கணும். அலமாரியில தப்பான இடத்துல வச்ச புத்தகம் தொலைஞ்ச புத்தகத்துக்குச் சமம். இதைக் குடும்பக் கதைன்னு எழுதித் தள்ளுங்க, யாருக்கும் பொல்லாப்பு இல்ல."

அவர் குரல் உயரவில்லை. எப்போதும் உயர்ந்ததில்லை. என் பிள்ளைகளுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கச் சொல்லிக்கொடுத்த அதே குரல். அக்கா போன மறு வாரம் என் வீட்டு வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்று, "எனக்கு ஒரு வரி எழுதி வைக்கல உங்க அக்கா. உனக்காவது ஏதாச்சும் எழுதினாளா?" என்று கேட்ட குரல். இல்லை என்றேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு அவர்மேல் பரிதாபமும் அவள்மேல் ஆத்திரமும் ஒன்றாகப் பொங்கின. கூடப் பிறந்தவளுக்குக்கூட ஒரு சொல் இல்லாமல் போனவள் எனக்கு அக்காவே இல்லை என்று ஊர் கேட்கச் சொன்னேன். முப்பத்தோரு வருஷமாக இந்த மனிதர் பக்கம்தான் நின்றிருக்கிறேன்.

"அம்மா, நீங்க சொல்லுங்க" என்றார் பல் டாக்டர். "முக்கியமான விதி இனிமேத்தான் இருக்கு. துப்பு எல்லாம் வாசகர் கண்ணு முன்னாடி இருக்கணும். எனக்கு மாடி மாஸ்டர் மேலதான் சந்தேகம். ஆனா காட்டுன்னா காட்டத் தெரியல. பக்கத்துல விரலை வச்சுக் காட்டினீங்கன்னா இப்பவே கையெழுத்துப் போடறேன். காட்ட முடியலைன்னா சார் சொல்றதுதான் சரி."

"காட்ட முடியாது" என்றார் அத்தான். "நானும் ரெண்டு தடவை படிச்சாச்சு. சும்மா நாலு பேரை நிறுத்தி வச்சிருக்கு. அந்தத் தங்கச்சியே எடுத்துப் படிச்சுட்டு, நமக்கேன் வம்புன்னு கமுக்கமா இருந்திருக்கலாமே. அவதான் புருஷன் பக்கம் பேசிட்டுத் திரியறா, பாத்தீங்கள்ல?"

என்னைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னார்.

மூன்று நாளாக நான் பயந்துகொண்டிருந்தது இதற்குத்தான். அந்த உறைக்குள் அக்காவின் விலாசம் இருக்கிறது. கூடவே கடைசி அத்தியாயமும் இருக்கிறது. அதில் அவள் என் பெயரை எழுதியிருந்தால்? படித்தும் வராதவள் என் தங்கை என்று முடித்திருந்தால்? அதையும் தெரிந்துகொண்டு சாவோம் என்றுதான் உட்கார்ந்திருந்தேன். ஆனால் விரலை எந்தப் பக்கத்தில் வைப்பது?

சுவர்க் கடிகாரத்தில் மூன்று முப்பத்தைந்து. ஆசிரியர் கண்ணாடியில் மோதிரத்தால் தட்டி, மணிக்கட்டைக் காட்டினார்.

பிழை திருத்துபவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. படிக்கும்போதே ஒரு தாளில் கட்டம் போட்டு, ஆள், வயசு, பொருள், நிறம், பக்க எண் எல்லாம் எழுதிக்கொண்டே போவோம். பத்தாம் பக்கத்தில் பச்சைச் சேலை கட்டினவள் அதே ராத்திரி பதினைந்தாம் பக்கத்தில் சிவப்பில் வரக்கூடாது பாருங்கள். பதினேழாம் எண்ணுக்கும் அப்படி ஒரு தாள் வைத்திருந்தேன். அதை விரித்து மேலிருந்து கீழே வந்தேன். வாசல் கதவு, சாம்பல், பக்கம் மூன்று. தையல் மெஷின், கறுப்பு, பக்கம் ஐந்து. கீல் உடைந்த மூடியைக் கட்டி வைக்கிற நாடா, மஞ்சள், பக்கம் ஐந்து, எண்பத்தொன்று, நூற்று எண்பத்தெட்டு.

நாடா எதற்கு மூன்று தடவை வர வேண்டும்?

"டாக்டர், எண்பத்தொண்ணை எடுங்க. சத்தமாப் படிங்க."

அவர் படித்தார். "'கடிதத்தை நாலாக மடித்து மூடிக்கு அடியில் செருகினாள். ஒரே இழுப்பில் அவிழ்கிற மாதிரி நாடாவைச் சுருக்குப் போட்டாள். முற்றுப்புள்ளிக்குப் பொறுமை கிடையாது.'"

"நூத்தி எண்பத்தெட்டு."

"'தங்கை மெஷினை எடுத்துப்போக வந்தாள். நாடா அவிழவில்லை. நகம் உடைந்ததுதான் மிச்சம். கத்தரியை எடுத்து அறுத்தாள்.' அட!" டாக்டர் நாற்காலியை முன்னுக்கு இழுத்தார். "சுருக்குதானே போட்டிருந்தா? அப்போ நடுவுல யாரோ அவிழ்த்துட்டு மறுபடி கட்டியிருக்காங்க. தங்கச்சி இல்ல. அவளுக்கு முன்னாடியே கை வச்சாச்சு!"

"மாமியார் கட்டியிருப்பா" என்றார் அத்தான்.

"அந்தம்மா பக்கவாதத்துல படுத்திருக்காங்க சார், அவிழ்ப்பாங்களா கட்டுவாங்களா? மாடி மாஸ்டருக்குச் சாவி கிடையாது. இருங்க, கட்டுறதுன்னு வேற எங்கேயோ ஒண்ணு படிச்சேனே..." அவர் பக்கங்களைப் பின்னோக்கித் தள்ளினார். "இருக்கு! இருபத்திமூணு. 'பழைய செய்தித்தாளைக் கட்டுவதென்றால் அவருக்கு ஒரு முறை இருந்தது. குறுக்கே ஒன்று, நெடுக்கே ஒன்று, இறுக்கி, முனையை உள்ளே செருகிவிடுவார். அறுத்தால்தான் பிரியும்.' புருஷன்! புருஷன்தான் சார்! மூணு இடத்துலயும் கண்ணு முன்னாடியே வச்சிருக்கா, நான் மாஸ்டர் பின்னாடி அலைஞ்சிட்டிருக்கேன்!"

எனக்கு அவர் சந்தோஷம் எட்டவில்லை. என் வீட்டுக் கூடத்தில் ஜன்னலோரம் இன்றைக்கும் அந்த மெஷின் இருக்கிறது. அதன் நாடாவை நான் கத்தரியால் அறுத்தேன். நிஜமாகவே அறுத்தேன். அப்போது அக்கா அங்கே இல்லை, யாரும் அவளிடம் போய்ச் சொல்லியிருக்கவும் முடியாது. ஆனால் பதினாறு வருஷம் குடித்தனம் செய்தவள். அவர் எதை அவிழ்த்தாலும் எப்படித் திரும்பக் கட்டுவார் என்று பார்க்காமலே எழுதத் தெரிந்திருக்கிறது. தங்கை எடுக்கவில்லை என்று அவளே துப்பு வைத்திருக்கிறாள். முப்பத்தோரு வருஷமாக என்னைக் குற்றவாளியாக வைத்திருக்கவில்லை அவள். நான்தான் அவளை வைத்திருந்தேன்.

"முடிச்சுதானே? யார் வேணா அப்படிக் கட்டலாம்" என்றார் அத்தான்.

"கட்டலாம் சார், கட்டலாம்" என்று சிரித்த டாக்டர், மேஜைமேல் இருந்த நிராகரித்த பிரதிகளின் கட்டைத் தன் பக்கம் இழுத்தார். காலையில் அத்தான் கட்டி வைத்தது. "இதோ, நீங்களே அப்படித்தானே..."

சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. குறுக்கே ஒன்று, நெடுக்கே ஒன்று. முனை உள்ளே. டாக்டர் கட்டைப் பார்த்தார், அத்தானைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு பேனாவை எடுத்துத் தீர்மானத் தாளில் கையெழுத்திட்டு என் பக்கம் நகர்த்தினார். நானும் இட்டேன்.

"ரெண்டு ஆச்சு" என்றார் மெதுவாக. "பிரிக்கலாம்." பழுப்பு உறையைக் கையில் எடுத்து, ஒட்டின இடமும் குறுக்குக் கையெழுத்தும் கலையாமல் இருப்பதை விதிப்படி எங்கள் இருவருக்கும் காட்டிவிட்டு மேஜைமேல் வைத்தார். கத்தரியைத் தேடினார்.

அத்தானின் கை உறைமேல் வந்து படிந்தது.

"வேணாம்மா."

"கையை எடுங்க அத்தான்."

"உன் நல்லதுக்குத்தான் சொல்றேன். யாரோ ஒருத்தி கற்பனையா என்னத்தையோ எழுதி அனுப்பியிருக்கா. இந்த வயசுல அதைப் படிச்சு என்ன ஆகப்போகுது? கதையைக் கதையா விட்டுடு. நானும் உன்னை மாதிரி அந்த இருநூத்திப் பன்னெண்டு பக்கத்தைப் படிச்சவன்தான். அதுக்கு மேல எனக்கு என்ன தெரியும்?"

என் விரல் இன்னும் அந்தத் தாள்மேல்தான் இருந்தது. நாடாவுக்கு அடுத்த வரி. பொருள், கடிதம். பக்கம், எண்பது, எண்பத்தொன்று, நூற்று மூன்று, நூற்று எழுபது. நிறம் என்ற கட்டத்தில் ஒன்றுமில்லை. உறை என்ற சொல்லே எங்கும் இல்லை. நான் கவனிக்காமல் விட்டிருக்க மாட்டேன். முப்பத்தெட்டு வருஷத்தில் விட்டதில்லை.

இவ்வளவு நேரமாகப் பல்லிடுக்கில் இருந்த நார் வெளியே வந்தது.

"அப்படின்னா அந்தக் கவர் நீலம்னு உங்களுக்கு யார் சொன்னது அத்தான்?"